ஏழாம் நம்பரில் காய்ச்சிய பால்

சாவி கைக்கு வரும் முன்பே குடிசையைப் பிரித்துப் போட்டவள் என்று ஜான் பீயை யார் சொன்னாலும் அவளுக்குக் கோபம் வராது. மற்றவர்கள் திட்டுவதைவிட மோசமாக அவளே தன்னைத் திட்டி முடித்திருந்தாள்.

உத்தரவு அப்படி. ஓடைமேட்டுப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்த இருபத்துநான்கு குடும்பங்களுக்கு, பாப்பாரப்பட்டி ரோட்டில் மூன்று அடுக்காகக் கட்டியிருந்த குடியிருப்பில் ஆளுக்கொரு வீடு. குலுக்கல் போட்டு நம்பர் கொடுத்தார்கள். ஜான் பீக்கு விழுந்தது ஏழு. தரைத்தளம், ரோட்டுப் பக்க வரிசையில் கடைசி வீடு, ரோட்டைப் பார்த்த ஜன்னல். ஆனால் சாவி வேண்டுமென்றால் முதலில் குடிசையைத் தானே பிரிக்க வேண்டும். பிரித்த வெறும் தரையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் போட்டோ ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சாவி. இல்லாவிட்டால் ஜனங்கள் குடிசையிலேயே இருந்துகொண்டு புது வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவார்களாம். ஏழைகள் மேல் ஆபீசுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"திங்கக்கெழம போட்டோ, புதங்கெழம சாவிங்கம்மா. நான் பொறுப்பு" என்றான் மாதவராஜ். ஓடைமேட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற வேலை அவனுக்கு. முப்பது வயதிருக்கும். அதிராத பேச்சு, கக்கத்தில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். சிரித்த முகத்தோடு சொன்னானே என்று ஜான் பீ நம்பினாள். சிரித்த முகத்தோடு சொன்னானே என்று பிற்பாடு சந்தேகப்பட்டதும் அவள்தான்.

இரண்டாயிரத்து இருபது, மார்ச் மாதம். திங்கட்கிழமை போட்டோ எடுத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாட்டையே பூட்டிவிட்டார்கள். புதன்கிழமை சாவியும் வரவில்லை, மாதவராஜும் வரவில்லை. இருபத்தாறு வருஷம் குடியிருந்த இடத்தில், கணவர் அப்துல் ரஷீத்தின் உயிர் போன அதே இடத்தில், தகரத்தையும் மூங்கிலையும் அடுக்கிவைத்துவிட்டு ஜான் பீ வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள் அஃப்சானா, இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மிஷின், ஏழு தலையணை.

தலையணைக்கு ஒரு கதை உண்டு. இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் தைப்பதுதான் ஜான் பீயின் தொழில். ஏழாம் நம்பர் வீட்டுக்கான ஒதுக்கீட்டுச் சீட்டை அவள் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒரு தலையணைக்குள் பஞ்சோடு பஞ்சாக வைத்துத் தைத்துவிட்டாள். எந்தத் தலையணை என்று மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. காகிதத்தைக் கண்ணில் காட்டினால் யாராவது வாங்கிப் பார்ப்பார்கள், வாங்கிப் பார்த்தால் திரும்பி வராது என்பது அவள் கணக்கு.

அந்த வீட்டுக்கு அவளுக்கு இன்னொரு பாத்தியதையும் இருந்தது. பூட்டு விழுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூட்டிப்போய் வீடு காட்டினார்கள். அடுத்த குடிசைக்காரி தீர்த்தம்மாள் சும்மா வருவாளா? கூடையில் பாலும் சட்டியும் கொண்டுவந்திருந்தாள்.

"இன்னிக்கி பத்தரைக்குள்ள நல்ல நேரம் ஜான்பீக்கா. நல்ல நேரத்துல பால் காஞ்சிருச்சுன்னா அப்புறம் எப்ப வேணா குடி வந்துக்கலாம். அம்மனுக்கும் வெள்ளி, உங்க அல்லாவுக்கும் வெள்ளி. வாங்க."

தன்னுடைய பன்னிரண்டாம் நம்பரில் காய்ச்சி இறக்கிவிட்டு அவள் ஏழாம் நம்பருக்கு வந்தாள். கட்டட வேலையில் மிஞ்சிய மூன்று செங்கல்லை சமையற்கட்டு மேடைமேல் வைத்து, சுள்ளி அடுக்கி, பற்றவில்லை என்று மண்ணெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிவிட்டாள். பால் பொங்கி வழிந்தது. புகை சுவரில் ஒரு முழ உயரத்துக்குக் கறுப்பாக ஏறியது. "புதுச் சொவத்தக் கெடுத்துட்டீங்களேம்மா!" என்று இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். ஜான் பீ உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். பால் காய்ச்சின வீட்டை இனி யார் பிடுங்குவது?

*

குடிசையைப் பிரித்த ஒன்பது குடும்பங்களை ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். புத்திசாலிகள் பதினைந்து பேர் இன்னும் குடிசையைப் பிரிக்கவில்லை. அவர்கள் ஓடைமேட்டில் சௌகரியமாக இருந்தார்கள். அரசாங்கம் சொன்னதும் சொன்னபடி கேட்டவர்கள்தான் வீடில்லாதவர்கள் ஆனார்கள்.

பள்ளிக்கூடத்தை ஒட்டிய தெருவுக்கு இது பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் பாதைக்குக் குறுக்கே கருவேலமுள் வெட்டிப் போட்டிருந்தது. போட்டவன் மாதேஷ், பக்கத்து மரவள்ளித் தோட்டக்காரன். "தப்பா நெனைக்காதீங்க. ஊருக்குள்ள வராம இருந்தா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்று தூரத்திலிருந்தே சொன்னான். பைப்படிக்குப் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் நகர்ந்தார்கள். அதிலும் ஜான் பீயும் அஃப்சானாவும் போனால் இன்னும் நாலடி கூட நகர்ந்தார்கள். அந்த ஏப்ரலில் நோய்க்குப் பேரும் மதமும் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். முக்காடு போட்டவள் தும்மக்கூட வேண்டாம், வந்து நின்றாலே போதும்.

ஒருநாள் மதியம் வெள்ளை வண்டி வந்து நின்றது. ஜான் பீக்கு இருமல் என்று யாரோ போன் செய்திருக்கிறார்கள். இருமவே இல்லை, பஞ்சுத் தூசிக்கு அவள் இருபது வருஷமாகச் செருமுகிறவள் என்று தீர்த்தம்மாள் கத்தியும் பயனில்லை. தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போய் எங்கோ ஒரு ஹாஸ்டல் அறையில் பதினான்கு நாள் அடைத்துவைத்தார்கள். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். நோய் இல்லை. திரும்பிக் கொண்டுவந்து விட்டார்கள். நோய் இல்லை என்று வந்து சொல்ல மட்டும் எந்த வண்டியும் தெருவுக்கு வரவில்லை.

போன் செய்தது யார்? இந்த ஒரு கேள்வி ஜான் பீயை உள்ளே அரித்துத் தின்றது. மாதேஷா? பால்காரனா? ரேஷன் அரிசி கொண்டுவந்த மாதவராஜா? ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, இவன் வாய்தானா, இவள் வாய்தானா என்று அளந்தாள். ஓர் இரவு தூக்கம் வராமல் தீர்த்தம்மாளைக்கூட நினைத்துவிட்டாள். காலையில் அவள் கொடுத்த டீயைக் குடிக்கும்போது வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

அந்தக் குடியிருப்பையும் விட்டுவைக்கவில்லை. பெங்களூரிலிருந்து திரும்பி வந்தவர்களைத் தனியாக வைக்க இடம் வேண்டுமென்று அதை எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் நின்றால் மரவள்ளித் தோட்டத்துக்கு அப்பால் அந்தக் கட்டடம் தெரியும். தன் ஜன்னல் கம்பியில் யார் யாருடைய லுங்கியோ காய்வதை ஜான் பீ மாதக்கணக்கில் பார்த்தாள். பூட்டுப் போட்ட ஊரில் மெத்தை யாரும் தைக்கவில்லை. அவள் மாஸ்க் தைத்தாள். முள் வெட்டிப் போட்ட தெருக்காரர்களே முள்ளுக்கு மேலே கையை நீட்டி வாங்கிப்போனார்கள்.

செப்டம்பரில் கடைசி ஆளும் போய்க் கட்டடம் காலியானது. சாவி வரவில்லை.

"ஃபைலு மேல இருக்குதுங்கம்மா" என்றான் மாதவராஜ்.

"எவ்வளவு மேல?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அக்டோபரில் மருந்து தெளிக்க வேண்டும் என்றார்கள். நவம்பரில் வெள்ளையடிக்க வேண்டும் என்றார்கள். பொங்கலுக்குக் கட்டாயம் என்றார்கள். எந்த வருஷப் பொங்கல் என்று கேட்கத் தோன்றவில்லை. ஒன்பது குடும்பத்தில் நாலு குடும்பம் சொந்தக்காரர் வீட்டுக்கும் வாடகைக்கும் போய்விட்டது. ஜான் பீ நகரவில்லை. இங்கிருந்து போனால் கட்டடம் கண்ணில் படாது. கண்ணில் படாத வீடு கையை விட்டுப் போன மாதிரிதான் என்று நினைத்தாள்.

*

ஜனவரி மாதம் ஒரு சாயங்காலம் அவள் அதைப் பார்த்தாள். ஏழாம் நம்பர் ஜன்னலில் விளக்கு எரிந்தது.

மற்ற இருபத்துமூன்று வீடும் இருட்டு. ஏழில் மட்டும் விளக்கு. மறுநாளும் எரிந்தது. அதற்கு மறுநாள் ஜன்னல் கம்பியில் ஒரு காக்கிச் சட்டை காய்ந்தது.

"ஆள வச்சுட்டான் தீர்த்தா. மாதவராஜு என் வூட்டுல ஆள வச்சுட்டான்."

"யாராச்சும் வாட்ச்மேனா இருக்கும்க்கா."

"இருபத்துநாலு வூடு இருக்குதே, வாட்ச்மேனுக்கு என் வூடுதான் கெடைச்சுதா?"

இரண்டு பேரும் முக்காட்டையும் முந்தானையையும் இழுத்துவிட்டுக்கொண்டு மறுநாள் மத்தியானம் கிளம்பினார்கள். ரோட்டைச் சுற்றிப் போனால் மாதேஷ் பார்ப்பானென்று மரவள்ளிக்குள் புகுந்து போனார்கள்.

கேட்டைப் பூட்டி, உள்ளே படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெரியவர் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. மேலே அதே காக்கிச் சட்டை. இரண்டு கல்லைக் கூட்டி வைத்து, வெளியிலேயே சோறு பொங்கிக்கொண்டிருந்தது.

"யாருங்க வேணும்?" என்று எழுந்து வந்தார்.

"வூடு பாக்கணும். எங்களுக்கு அலாட் ஆன வூடு" என்றாள் தீர்த்தம்மாள்.

"தொறக்கக் கூடாதுன்னு உத்தரவுங்கம்மா. யாரு வந்து கேட்டாலும் தொறக்காதன்னு சொல்லியிருக்காங்க." அவர் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றார். பேர் சவுரியப்பன் என்றார். பொம்மிடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்துக்கிடந்தவராம். ரயில் நின்றதும் பிளாட்பாரத்தில் இருந்தவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நோயாளிகள் இருந்தபோது இங்கே கக்கூஸ் கழுவ ஆள் கிடைக்கவில்லை, இவர் கழுவினார். எல்லோரும் போன பிறகு இவரைப் போ என்று சொல்ல யாருக்கும் ஞாபகமில்லை. அப்படியே காவலுக்கு இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

நல்ல கதைதான் என்று ஜான் பீ மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வீடில்லாதவனை வீட்டுக்குக் காவல் வைத்தால் அவன் வீட்டைக் காப்பானா, வீட்டில் குடியேறுவானா?

"உங்க வூடு எத்தனாம் நம்பருங்க?" என்று அவர் கேட்டார்.

தீர்த்தம்மாள் வாயைத் திறப்பதற்குள் ஜான் பீ அவள் கையைக் கிள்ளினாள்.

"பதினொன்னு" என்றாள்.

"பதினொன்னுங்களா." அவர் முகத்தில் என்னவோ ஓர் ஏமாற்றம் தெரிந்தது. "ஏழாம் நம்பரு யாருதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா? ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கேன், ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் ஜான் பீ.

திரும்பி வரும்போது அவள் தீர்த்தம்மாளின் காதோரம் குனிந்தாள். "கேட்டியா? ஏழாம் நம்பர் யாருதுன்னு விசாரிக்கறான். யாருன்னு தெரிஞ்சா ஆள மடக்கலாம், மெரட்டலாம், எழுதி வாங்கலாம். நல்ல வேள, சொல்லாம வந்தோம்."

"பெரியவரப் பாத்தா அப்படித் தெரியலையேக்கா."

"பாத்தா தெரியற மாதிரி எவன் திருடுவான்?"

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேலை. சாயங்காலம் ஆனால் வராந்தாவில் நின்று அந்த விளக்கைப் பார்ப்பாள். சவுரியப்பன் ஜன்னலைத் துடைப்பது தெரிந்தால், தன் வீடு போலத் துடைக்கிறானே என்று பொருமுவாள். ஒருநாள் ஒரு கார் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கி அவரிடம் பேசிவிட்டுப் போனார்கள். விலை பேசுகிறார்கள் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

மார்ச் பிறந்தது. எலெக்‌ஷன் வந்தது. கூடவே நோய் மறுபடி ஏறுகிறது என்றும் பேச்சு வந்தது. கட்டடத்தைத் திரும்பவும் எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி போட வேண்டும், இவர்களைக் காலி பண்ணச் சொல்லுவார்களாம். இதையெல்லாம் மாதவராஜிடம் கேட்டால், "அவசரப்படாதீங்கம்மா, ஒரு வாரம் பொறுங்க" என்று ஃபைலை மாற்றிப் பிடித்துக்கொண்டான். எதையோ மறைக்கிறான் என்று ஜான் பீக்குச் சந்தேகமே இல்லை. இந்த ஒரு வாரத்துக்குள் அந்த ஆளின் பேருக்கு ஏழாம் நம்பரை மாற்றிவிடுவார்கள். ஒரு வருஷம் முள்வேலிக்குள் இருந்ததெல்லாம் வீண். கல்யாணத்துக்கு நிற்கிற மகளோடு மறுபடி வெறும் தரை.

அந்த வியாழக்கிழமை அஃப்சானா தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் ஜான் பீ தன் பட்டன் போனை எடுத்தாள். அந்த வெள்ளைக் காய்ச்சல் வண்டியின் நம்பர் பள்ளிக்கூடச் சுவரிலேயே பெரிதாக எழுதியிருந்தது.

"பாப்பாரப்பட்டி ரோட்டுல புதுக் கட்டடத்துல ஒரு ஆளுங்க. காவலுக்கு இருக்கறவரு. மூணு நாளா இருமல், காய்ச்சல். வெளிய வரவே மாட்டேங்கறாரு" என்றாள். குரல் தடுமாறவில்லை.

உங்கள் பேர் என்ன என்று கேட்டார்கள். வைத்துவிட்டாள். இதே சொல்லை ஒருத்தர் தன் மேல் சொன்னபோது எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள். தன் வீட்டுக்காக என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒன்றரை மணி நேரத்தில் வெள்ளை வண்டி வந்தது. சவுரியப்பன் கும்பிட்டுக்கொண்டே என்னவோ சொல்வது வராந்தாவிலிருந்து தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ஒரு துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். அன்று சாயங்காலம் ஏழாம் நம்பரில் விளக்கு எரியவில்லை. ஜான் பீ அன்றைக்கு இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள்.

*

திங்கட்கிழமை காலையில் மாதவராஜ் வந்தான். கையில் ஃபைல் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பை. அதில் ஐந்து சாவி.

"எலெக்‌ஷன் நேரம், விழாவெல்லாம் கூடாதுங்க. போட்டோ கெடையாது. சத்தமில்லாம குடி போயிருங்க" என்றான்.

மாலையும் போட்டோவும் இல்லாமல் அரசாங்கம் சாவி கொடுக்குமா? ஜான் பீ சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏழு என்று பெயிண்ட்டில் எழுதியிருந்தது. "இது எப்ப வந்துச்சு?"

"போன வாரமே ஆர்டர் ஆயிருச்சுங்கம்மா. சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? நான் வாயால சொன்னத எத நீங்க நம்புனீங்க? அதான் சாவியோடயே வரலாம்னு இருந்தேன்."

ஜான் பீ கணக்குப் போட்டுப் பார்த்தாள். போன வாரம் என்றால் வியாழனுக்கு முன்பு.

சாமான்களை ஏற்றிக்கொண்டு போகும்போது மாதவராஜ் தானாகவே சொன்னான். "அந்தச் சவுரியப்பன் இல்லாட்டி ஒங்க வூடுங்கள்ல ரெண்டு மூணு எப்பவோ போயிருக்கும். கார்ல மூணு தடவ வந்தாங்க, பூட்ட ஒடச்சுக் குடி வர. உள்ள கொரோனா கேஸு இருக்குதுன்னு சொல்லித் தொரத்தியிருக்காரு மனுசன். கடைசி வூட்ல வெளக்கு எரிஞ்சா ஆளிருக்கற மாதிரி தெரியும்னு நான்தான் ஏழுல லைட்டப் போடச் சொன்னேன். பாவம், யாரோ போன் பண்ணித் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

கதவைத் திறந்தபோது சுண்ணாம்பு வாசனை வந்தது. வீடு முழுக்க வெள்ளையடித்திருந்தது. தரை கழுவித் துடைத்திருந்தது. யாரும் படுத்த அடையாளமோ சமைத்த அடையாளமோ இல்லை. ஜான் பீ சமையற்கட்டுக்குப் போனாள். மேடைமேல் அந்த மூன்று செங்கல்லும் அப்படியே இருந்தன. நடுவில் சாம்பல்கூடக் கலையவில்லை. சுற்றி மட்டும் பெருக்கி, துணியால் துடைத்திருந்தது. சுவரில் வெள்ளைக்கு மேலே கரி லேசாகக் கசிந்து தெரிந்தது.

"கேஸுங்க இருந்தப்பவும் சோறு வெளிய இருந்துதான் வந்துச்சு, சமையற்கட்டுல யாரும் கைய வைக்கல. வெள்ளையடிக்கறவங்க கல்லத் தூக்கிப் போடப் போனாங்களாம்" என்றான் மாதவராஜ் பின்னாலிருந்து. "அவரு வுடல. யாரோ பால் காய்ச்சியிருக்காங்க, இது குடியிருக்கற வூடு, கைய வைக்காதீங்கன்னு சண்ட போட்டாராம். அவரு ஒருநாள்கூட உள்ள படுக்கலீங்க. படிக்கட்டுக்கு அடியிலதான். யாரு வூடுன்னு எங்கிட்டயும் கேட்டாரு. லிஸ்டு வெளிய சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லல."

தீர்த்தம்மாள் ஜான் பீயைப் பார்த்தாள். ஜான் பீ கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று பால் காய்ச்ச நல்ல நேரம் இருந்தது, காய்ச்சவில்லை.

*

மே மாதம் நோய் உச்சத்தில் இருந்தது. மறுபடி பூட்டு. ஒரு மத்தியானம் யாரோ கேட்டுக்கு வெளியே நின்று, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டார்கள். ஜான் பீ ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சவுரியப்பன். பாதி உடம்பாக இளைத்திருந்தார். காக்கிச் சட்டை தோளில் தொங்கியது.

"படிக்கட்டுக்கு அடியில என் தட்டு, போர்வ, ஒரு பை இருந்துச்சுங்க. எடுத்துட்டுப் போலாம்னு."

அவள் அதையெல்லாம் துவைத்து மடித்து எடுத்து வைத்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு வந்து கொடுத்தாள். அவர் அவளையும் கதவில் இருந்த நம்பரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க பதினொன்னுன்னு சொன்னீங்களே?"

ஜான் பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்ப நீங்கதான் பால் காய்ச்சுனதுங்களா!" அவர் முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. "அந்தக் கல்ல நான் தொடவே இல்லீங்க, பாத்தீங்களா? என் சம்சாரம் இருக்கும்போது நாங்களும் ஒரு வூட்ல பால் காய்ச்சுனோம். வாடக வூடுதான். இருந்தாலும் அந்தக் கல்ல எடுக்க அவளுக்கு மனசு வரல."

"உக்காருங்க, டீ போடறேன்" என்றாள் ஜான் பீ. அவர் வாசற்படிக்குக் கீழே தள்ளி உட்கார்ந்தார். உள்ளே வரச் சொன்னாள், வேண்டாமென்றார்.

"போகும்போது ஒண்ணும் இல்லாமத்தாங்க போனேன். அங்க வார்டுல படுக்க வச்சாங்க. பக்கத்துப் படுக்கையில இருந்தவருக்கு இருந்துச்சு. எனக்கும் வந்துருச்சு. இருபது நாளு மூச்சு வுட முடியல. கர்த்தர் கிருபை, பொழச்சேன்." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "யாரு போன் பண்ணுனாங்கன்னு படுத்துட்டே யோசிப்பேங்க. கார்ல வந்தவங்களா இருக்கும். இல்லாட்டித் தோட்டக்காரரா இருக்கும், என்னப் பாத்தா அவருக்கு ஆகாது. மாதவராஜு சார்கூடவோன்னு ஒருநாள் நெனச்சுட்டேன், பாவம். வந்துபோன ஒவ்வொருத்தரையும் நெனச்சேங்க. உங்க ரெண்டு பேர மட்டும் நெனைக்கல. பதினொன்னாம் நம்பர்காரங்களுக்கு ஏழுல வெளக்குப் போடறவன்கிட்ட என்ன பகை?"

இவருக்குத் தெரியும் என்று ஜான் பீக்குப் பட்டது. தெரிந்துதான் இப்படிச் சொல்கிறார், வேண்டுமென்றே ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கடைசியில் என்னை விடுகிறார். அவர் கண்ணைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. டீ நன்றாக இருக்கிறது என்கிற சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. ஒரு வருஷமாக ஆளாளுக்கு முகத்தை அளந்த அவளுக்கு, அளக்க ஒன்றுமில்லாத முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தார். மூட்டையைத் தோளில் போட்டார். கேட்டு வரை போய்விட்டார்.

"நான்தாங்க" என்றாள் ஜான் பீ.

அவர் திரும்பினார்.

"போன் பண்ணது நான்தான். என் வூட்ட நீங்க எடுத்துக்கப் போறீங்கன்னு நெனச்சேன். நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்." அழுகை வந்துவிட்டது. "எனக்கும் இதேதான் பண்ணுனாங்க. தெரிஞ்சும் பண்ணிட்டேன்."

கோபித்துக்கொள்வார், திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"அன்னிக்கே ஏழுன்னு சொல்லியிருந்தா, நானே தொறந்து வுட்டிருப்பனேம்மா" என்றார்.

கேட்டைச் சாத்திவிட்டு, ஆளில்லாத ரோட்டில் பொம்மிடிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். பஸ் ஓடவில்லை.